மங்கித் தெளிந்த விளக்கு

விவசாயி ஓரெஸ்ட் ஹ்நாத்தியுக், காலையில் எழுந்தால், முகம் கழுவுவதற்கு முன்னரே களஞ்சியத்துக்குச் சென்று, ஈரக் கோதுமையை உலர்த்தும் பெரிய விசிறியைப் போட்டுவிடுவார். மனைவி மறைந்தபின் அவ்வீட்டில் வாய் திறப்பது அவ்விசிறி ஒன்றே. ஆகையால் அதன்மீது குறை வந்தபோது அவருக்கு வருத்தமாக இருந்தது. குறை வந்த இடமோ அதைவிட வருத்தம் தந்தது.

சாலைக்கு அப்பால், அதே மின்கம்பியில் இணைந்த வீட்டில் தனியே வாழும் வெர்னாவின் அருகில் அமர்வதற்காகவே, தேவாலயத்து அறுவடை விருந்துக்கு அவர் இஸ்திரி போட்ட சட்டையுடன் சென்றிருந்தார். வெர்னா அவர் தட்டில் இன்னொரு முட்டைக்கோசு உருண்டையை வைத்தார்.

"காலையில நீங்க விசிறியப் போட்டதும் என் சமையல்கட்டு லைட்டு மங்கித் தெளியுதுங்க" என்றார்.

கனடாவில், சாஸ்கட்செவனின் அப்பகுதியில் எவரும் குறையைக் குறையாகச் சொல்வதில்லை. வானிலையைச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, சாப்பாட்டைப் பரிமாறுவார்கள். புரிந்துகொள்வது கேட்டவர் பொறுப்பு. ஓரெஸ்ட் புரிந்துகொண்டார். ஞாயிறன்று காப்பிக்கு அழைக்கலாமென்று வைத்திருந்த வார்த்தைகளை உருண்டையோடு சேர்த்து விழுங்கினார்.

வியாழக்கிழமை காலையில் வெர்னா பெரோகி என்னும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பிடிக்கத் தேவாலயத்துக்குப் போவது வழக்கம். ஓரெஸ்ட் காத்திருந்தார். எதிர்வீட்டு வாசலில் வண்டி இல்லையென்று கண்டதும் விசிறியைப் போட்டார். வண்டியை யாரோ உருளைக்கிழங்கு வாங்க எடுத்துப் போயிருந்தார்கள். தேவாலயத்து அடுப்பு கெட்டுவிட்டபடியால், பெண்கள் அனைவரும் வெர்னாவின் சமையலறையில்தான் கூடியிருந்தனர். அதுவரை ஒருவர் கண்ட மங்கலை அன்று ஊரே கண்டது.

ஓரெஸ்ட் மின்பணியாளன் டுவெயினை அழைத்தார். அவ்வூர் ஆம்புலன்ஸை ஓட்டுபவனும் அவனே.

"ஓடும்போது மோட்டார் சாதுண்ணே. கெளம்பும்போதுதான் ஆறேழு மடங்கு கரண்டை ஒரே இழுப்பா இழுக்கும். வோல்ட்டேஜைக் குறைச்சுக் கொடுப்போம்."

"லைட்டு மங்காதில்ல?"

"மங்குறது கொறயும். நானாச்சு."

பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினான். மின்னழுத்தம் குறைந்தது; மோட்டாரின் வலிமையும் உடன் குறைந்தது. விசிறி முனகி முனகி எழுந்தது. கண்சிமிட்டும் நேரம் ஆழ மங்கிய விளக்கு, இப்போது ஒரு முட்டை வேகும் நேரம் அரைகுறையாக மங்கிக் கிடந்தது.

அன்று அஞ்சலகத்தில் வெர்னா எதிர்ப்பட்டார்.

"இன்னைக்கு ரொம்ப நேரம் இழுத்துச்சே. உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

எத்தனை நயமாகக் குத்துகிறார் என்று எண்ணி, ஓரெஸ்ட் தபாலை வாங்காமலே திரும்பி, டுவெயினை மறுபடி அழைத்தார்.

"தம்பி, அவங்க லைட்டு இம்மியும் அசையக் கூடாது. அப்படி ஏதாவது இருந்தாப் போடு. இல்லைன்னா கோதுமை முளைச்சாலும் பரவாயில்ல, விசிறியையே கழட்டிடு."

"இருக்குண்ணே. அதைத்தான் மொதல்லயே போட்டிருக்கணும்."

டுவெயின் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்னும் மின்னணுப் பெட்டியை மாட்டினான். அது மின்சாரத்தை அளந்து, மெல்ல மெல்ல ஏற்றிக் கொடுக்கும். கிளம்பும்வரை விசிறியின் காற்றுவாயை மூடிவைக்கவும் கற்றுக்கொடுத்தான்.

மறுநாள் விடியலில் விசிறி குழந்தை விழிப்பதுபோல் எழுந்தது. ஓரெஸ்ட் தம் வீட்டு விளக்கைப் பார்த்தார், அது அசையவில்லை. இனி வெர்னாவின் முகத்தைப் பார்க்கலாமென்று நிம்மதியாக நின்றிருந்தபோது, ஆம்புலன்ஸ் ஊளையிட்டபடி முற்றத்துக்குள் நுழைந்தது. டுவெயின் ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு இறங்கினான். முன் இருக்கையில் வெர்னா, இரவு உடைமேல் குளிர்கோட்டும் காலில் ரப்பர் பூட்சுமாக, தலை நிமிராமல் அமர்ந்திருந்தார்.

"யாருக்குடா என்ன?"

"உங்களுக்குத்தாண்ணே. நீங்க எந்திரிக்கலைன்னு போன் வந்துச்சு; காரணத்தை வண்டி நின்னப்பதான் சொன்னாங்க. இன்னைக்கு லைட்டு மங்கலையாம். தெனமும் அது மங்கினாத்தான், நீங்க நல்லபடியா எந்திரிச்சிட்டீங்கன்னு இவங்க காப்பியே போடுவாங்களாம்."

ஓரெஸ்ட் வெர்னாவைப் பார்த்தார். வெர்னா தம் பூட்சைப் பார்த்தார்.

"பெட்டியக் கழட்டிரட்டுமாண்ணே?" என்றான் டுவெயின்.

"வேணாம், இருக்கட்டும்" என்றார் ஓரெஸ்ட். "இனிமே காலையில நானே நேர்ல போய்ச் சொல்லிடறேன்."