தமிழ்மணி வூட்டுக் காலண்டர்

இனிமேல் தன் வீட்டுச் சுவரில் புதுக் காலண்டர் ஏறாது என்று இண்டூர் தமிழ்மணி சபதம் எடுத்தார். எடுத்தது ஜனவரி முதல் தேதி, கையில் சுத்தியலோடு.

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சும் இந்த வருசமும் ஒரே கெழமைல பொறக்குது, காசி! வருசம் முழுக்க ஒரு நாள் பிசகாது. பீரோ மேல தூங்கிட்டிருந்த காலண்டருக்கு மறுபடி வேலை போட்டுக் குடுத்துட்டேன்."

மனைவி காசியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "தேதி சரிங்க. திதி? அமாவாசை, தீபாவளியெல்லாம் மாறுமேங்க?"

"இந்த வூட்டுல இந்தக் காலண்டர் சொல்றதுதான் சட்டம்!"

"சரிங்க."

அவள் அவ்வளவு சுலபத்தில் சரி சொன்னபோதே தமிழ்மணி உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, கிரகங்களையே தான்தான் சுற்றிவிடுவதுபோல் பேசிக்கொண்டு திரிந்தார்.

நவம்பர் எட்டு, ஞாயிறு. வெடிச்சத்தத்தில் விழித்தார். தெருவே எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தது. கறிக்குழம்பு வாசத்துக்கு மூக்கை நீட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார். உப்புமா இருந்தது.

காசியம்மாள் பையோடு வாசலில் நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட? இன்னைக்குத் தீபாவளி!"

"நம்ம வூட்டுல செவ்வாக்கெழமைங்க. காலண்டர்ல பத்தாந் தேதிதானே செவப்பா இருக்குது? மொரப்பூர்ல எங்கம்மா வூட்டுல புதுக் காலண்டர். அங்கதான் இன்னைக்கு."

"அப்ப நானு?"

"நீங்க போட்ட சட்டத்தை நீங்களே மீறலாமுங்களா?"

போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னங்க, குளிக்கலீங்களா?" என்றார். "எங்களுக்குச் செவ்வாய்க்கெழமை" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி, தமிழ்மணி உப்புமாவை விழுங்கினார்.

செவ்வாய் காலை காசியம்மாள் பளபளவென்று புதுப்புடவையில் வந்து இறங்கினாள். வந்ததும் கையை நீட்டினாள்.

"பொடவை எங்கீங்க?"

"கட்டிக்கிட்டு நிக்கறியே!"

"இது எங்கம்மா வூட்டுத் தீபாவளிக்கு எங்கண்ணன் எடுத்தது. இன்னைக்கு நம்ம வூட்டுத் தீபாவளி. காலண்டர் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, பொடவையே வேணாம்."

தமிழ்மணி சட்டையை மாட்டிக்கொண்டு தர்மபுரி பஸ்ஸுக்கு நடந்தார்.

பின்னாலேயே அவள் குரல் வந்தது.

"ஏங்க! அடுத்த வருசத்துக்கு ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு ஒத்து வருதுங்க. அந்தக் காலண்டரை நானே பத்திரமா எடுத்து வெச்சிட்டேன்!"