சேஸிஸ் மாமா மறித்த கார்

பெருமாளின் கருட வாகனத்தைத் தவிர, ஸ்ரீரங்கத்தில் ஓடும் அத்தனை வாகனங்களையும் சந்தேகப்பட்டவர் எங்கள் தெரு சேஸிஸ் மாமா ஒருவர்தான். கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்துக்குள் நுழைய மாட்டார். பார்க்கிங்கில் ஒவ்வொரு காரின் கண்ணாடிக்குள்ளும் டார்ச் அடித்து சேஸிஸ் நம்பரைப் படிப்பார். அதைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டால், ஏதாவது பாகம் பழுதென்று அந்த வண்டியை 'ரீகால்' என்று திரும்ப அழைத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடுமாம். கே.கே. நகர் கல்யாணம் ஒன்றில் வாட்ச்மேன் அவரைக் கார் திருடன் என்று பிடித்து வைத்தார். மாமா அசரவில்லை. வாட்ச்மேனின் மொபெட் நம்பரைக் கேட்டார்.

நான் ஒரு பழைய கார் வாங்கினேன்.

"ரீகால் இருக்கான்னு பாத்தியோ?" என்றார் மாமா.

"இருந்தா கம்பெனியே மெசேஜ் அனுப்புமே மாமா."

"அனுப்புவான், உனக்கு வித்தவனுக்கு! அவன் ஃபிராடு மெசேஜ்னு அழிச்சிருப்பான்."

நான் சிரித்தேன். எலுமிச்சம்பழம் நசுக்கி பூஜை போட்ட கார் அல்லவா!

ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பிலியபுரத்தில் மச்சினன் வீட்டுக்குக் கிளம்பினோம். அப்படியே பச்சமலை ஏறுவதாகத் திட்டம். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தாயிற்று. பார்த்தால் எதிரே மாமா, தன்னந்தனியாக.

"ஒத்தை ஆளா எதிர்ல வராரே! எல்லாரும் இறங்குங்கோ, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுக் கிளம்பலாம்" என்றாள் மனைவி.

குடித்துவிட்டு வந்தால், மாமா எங்கள் பம்பரைப் பிடித்தபடி வெள்ளை வேட்டியோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் செல்போன்.

"பிரேக்குடா! அர்ஜன்ட் ரீகால். சரி பண்ற வரைக்கும் ஓட்டவே படாதுன்னு போட்டிருக்கான்."

"மெதுவா போறேன் மாமா."

"மலையில மெதுவா இறங்கவும் பிரேக்தான்டா வேணும்! கம்பெனிக்குப் போன் போடு. அவனே ஏத்திண்டு போய் ஓசியில மாத்தித் தருவான்."

அவர் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. போன் போட்டேன். கார் லாரியில் ஏறியது, நாங்கள் பஸ்ஸில் ஏறினோம். துறையூர் தாண்டியும் மனைவி அவரைத் திட்டி முடிக்கவில்லை.

காரை எடுக்கக் குடும்பத்தோடு போனபோது மெக்கானிக் கழற்றிய பிரேக் ஹோஸைக் காட்டினார். நல்ல விரிசல். "மலைக்குப் போயிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், பிள்ளைகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மனைவி நேரே மாமா வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தாள்.

"தீர்க்க சுமங்கலியா இரு. ஸ்டெப்னில காத்து இருக்கான்னு பாத்தேளோ?" என்றார்.

பிரியத்தை அவருக்கு அப்படித்தான் சொல்ல வரும். நூறு வயது இருக்கட்டும் அந்த மனுஷர்.