அலமாரியில் அஞ்சு ரேடியோ

வீட்டுக்குள் ஆறாவது ரேடியோ வரக்கூடாது என்பது வீட்டம்மாவின் சட்டம். கூடத்து அலமாரியில் அஞ்சு. அதற்கு மேல் ஒன்று வந்தால் ரேடியோ உள்ளே, புருஷன் வெளியே. சட்டத்தை மீறும் தைரியம் நம்மவருக்குக் கிடையாது. ஆனால் அதில் ஒரு சந்து இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ரேடியோதானே வரக்கூடாது? துண்டு துண்டாக வந்தால் அது ரேடியோவா?

ரேடியோ விஷயத்தில் நம்மவர் புலி. யார் பழைய ரேடியோ வாங்கினாலும் இவரிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். முதுகுப் பலகையைக் கழற்றுவார். அடியில் வேண்டாத திருகு ஓட்டை இருக்கிறதா, குமிழைச் சுற்றி வெளுத்த வட்டம் குமிழோடு பொருந்துகிறதா என்று குனிந்து பார்ப்பார். "உடம்பு ஒருத்தனோடது, சட்டை இன்னொருத்தனோடது" என்று சொல்லிவிட்டு நிமிர்வார். வாங்கினவர் முகத்தில் ஈயாடாது.

முதலில் சேஸிஸ் வந்தது. வால்வுகள் உட்காரும் இரும்புத் தட்டு. துணிப்பைக்குள் ஒளிந்து வந்தது.

"என்னங்க அது?"

"ஆபீஸ் நண்பரோட தண்ணி மோட்டார்ல ஒரு பாகம்."

"சரி."

அடுத்த வாரம் மரப்பெட்டி வந்தது.

"இது?"

"வெறும் பெட்டிம்மா. ஏதாவது போட்டு வைக்கலாமேன்னு..."

"நல்லதாப் போச்சு" என்று வீட்டம்மா அதில் வெங்காயத்தைக் கொட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போனதும், நம்மவர் வெங்காயத்தைத் தரையில் கவிழ்த்துவிட்டு சேஸிஸைப் பெட்டிக்குள் தள்ளினார். போகவில்லை. சேஸிஸில் குமிழ்த் தண்டு நாலு. பெட்டியில் ஓட்டை மூணு. ஊரார் ரேடியோவில் ஆயிரம் குற்றம் கண்டவர், ஆசை அவசரத்தில் தன் பெட்டியின் ஓட்டையை எண்ணவே இல்லை.

இந்த மாடலின் குரலை ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று பத்து வருஷமாக அலைந்த மனிதர். நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. பழியை வெங்காயத்தின் மேல் போடலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"மோட்டார் ஓடலையா?"

வாசலில் வீட்டம்மா. குடையை மறந்துவிட்டுத் திரும்பியிருந்தாள்.

"அது வந்து..."

"தண்ணி மோட்டாருக்கு எதுக்குங்க ஸ்டேஷன் முள்ளு?"

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து போர்வை சுற்றிய ஒன்றை இழுத்துப் பிரித்தாள். மரப்பெட்டி. ஓட்டை நாலு. உள்ளே ஒட்டிய சீட்டில், சேஸிஸில் அடித்திருந்த அதே எண்.

"தெருமுனை மெக்கானிக் அண்ணன்கிட்ட நம்பரை எழுதிக் குடுத்தேன். தேடிப் பிடிச்சுட்டார். மாட்டுங்க."

மாட்டினார். வால்வுகள் சிவந்தன. அரை நிமிஷம் முனகிவிட்டு, ஒரு பெண்குரல் கூடம் முழுக்கப் பாடியது. வீட்டம்மா தங்கையை மறந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நம்மவருக்கு இத்தனை சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. அதை வெளியே சொல்லவில்லை.

"அப்போ உன் சட்டம்? ஆறாயிடுச்சே?"

"அஞ்சுதான். இந்தப் பெட்டிக்குப் பதிலா அண்ணன் ஒரு சேஸிஸ் கேட்டார். கழட்டிக் குடுத்துட்டேன்."

"எதோடதை?"

"மூணாவதோடதை. அது பாடி நாலு வருஷமாச்சு. ஒரு வாரமா அது வெறும் பெட்டி. நீங்கதான் தினமும் துடைக்கறீங்களே, தெரியலையா?"

நம்மவர் அலமாரியைப் பார்த்தார். வெளியிலிருந்து ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"பாத்தது போதும். சமைக்கணும், அதுக்குள்ள இருக்கறதை எடுத்துட்டு வாங்க."

புலி எழுந்து போய், மூன்றாவது ரேடியோவின் முதுகைத் திறந்து பூண்டு எடுத்து வந்தது.