ஆறாம் வகுப்புக்கு அறிமுக விளையாட்டு

"டீச்சர், அவனுக்கு என்ன பழம் புடிக்கும்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்றான் செம்பியன்.

'அவன்' யாசர். அதே பெஞ்சில், செம்பியன் தோளை உரசிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். எழிலரசி டீச்சர் கேட்டாள்.

"பலாப்பழம்னு அவங்கிட்ட சொல்லிடுங்க டீச்சர்" என்றான் யாசர்.

முப்பத்திரண்டு பிள்ளைகளும் இப்படியே ஆளுக்கு ஒரு சேதி கொடுத்தனுப்ப, டீச்சருக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

கடலூர் முதுநகரின் அந்த நடுநிலைப் பள்ளிக்கு அவள் வந்து எட்டு நாள்தான் ஆகிறது. சிதம்பரத்தில் அவள் படித்த உயர்நிலைப் பள்ளியில், ஆறாம் வகுப்பு என்றால் பத்து ஊர்ப் பிள்ளைகள் புதிதாக வந்து சேருவார்கள். முதல் மாதம் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். இங்கேயும் அதே கதைதான் என்று, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு கட்டிவிட்டாள்.

தலைமையாசிரியர் கலியமூர்த்தியைக் கேட்டிருந்தாலும் பயனில்லை. மூட்டுவலிக்காரர், மாடியேறி அந்த வகுப்பைப் பார்த்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலையில் கீழே நின்றபடியே எச்சரித்திருந்தார்.

"பதினோரு மணிக்கு ஆபீசர் வராரு. புள்ளைங்க இப்படியே உம்முனு இருந்தா, உங்கள காடாம்புலியூருக்கு மாத்திடுவாரு, பாத்துக்குங்க."

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ஒரே பஸ். அதற்கே அவளுக்கு எலுமிச்சம்பழம் கையில் வேண்டும். காடாம்புலியூர் என்றால் மாறி மாறி ஏற வேண்டும். நினைத்தபோதே குமட்டியது.

நல்லவேளையாக, சிதம்பரத்தில் நடந்த பயிற்சியில் கொடுத்த புத்தகம் பையில் இருந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளப் பன்னிரண்டு விளையாட்டுகள். தயாரித்தவர் வைத்திலிங்கம் சார். இன்று வரப்போகும் ஆபீசரும் அவரேதான்.

பக்கத்தில் இருப்பவருக்குப் பிடித்த பழத்தைக் கேட்டுச் சொல்வதுதான் முதல் விளையாட்டு. இரண்டாவது விளையாட்டு பந்து. யாருக்கு எறிகிறோமோ அவர் பெயரைச் சொல்லி எறிய வேண்டும். பெயரை ஒருவரும் சொல்லவில்லை. எறிவதை மட்டும் மனசார எறிந்தார்கள். வெண்மதி விட்ட எறியில் ஃபர்ஹானாவின் டிபன் பாக்ஸ் திறந்து, தயிர்சாதம் டீச்சரின் புதுப் புடவையில் வந்து சேர்ந்தது.

மூன்றாவது, கைகோத்து வட்டமாக நிற்பது. அதற்கும் பிள்ளைகள் வழி வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு ஸ்கேலை எடுத்து, இந்த முனையை இவனும் அந்த முனையை அவனும் பிடித்துக்கொண்டார்கள். பாவம், எவ்வளவு கூச்சம் என்று டீச்சருக்கு மனசு இளகிப்போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் வைத்திலிங்கம் சார் உள்ளே நுழைந்தார். ஸ்கேல்களைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார்.

"கடைசிப் பக்கத்துல இருக்கறத வைங்கம்மா. அது என் சொந்தச் சரக்கு" என்றார். பக்கத்தில் இருப்பவரைப் பற்றி, யாருக்கும் தெரியாத ஒன்றை எழுந்து சொல்ல வேண்டும்.

பிடித்த பழமே தெரியாத பிள்ளைகள் இதற்கு எங்கே போவார்கள்? காடாம்புலியூர் பஸ்ஸின் டீசல் நாற்றமே டீச்சரின் மூக்கில் ஏறிவிட்டது. அதற்குள் செம்பியன் எழுந்தான்.

"யாசர் இன்னும் அவங்கம்மா கைய புடிச்சிக்கிட்டுத்தான் தூங்குறான் சார்."

"செம்பியன் ரேங்க் கார்டுல அவங்கப்பா கையெழுத்த அவனே போட்டான் சார்" என்றான் யாசர்.

அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பில் அழுதது, பல்லிக்குப் பயந்தது, பக்கத்து வீட்டில் முறுக்கு எடுத்தது என்று முப்பத்திரண்டு வாயும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. கூரை மேலிருந்த காக்கை பறந்துபோனது.

"பத்தே நிமிஷத்துல எவ்ளோ தெரிஞ்சிக்கிட்டாங்க பாத்தீங்களா" என்று சார் பூரித்துப்போனார். இந்த டீச்சர் கடலூரிலேயே இருக்க வேண்டியவர் என்று குறிப்பேட்டில் எழுதினார். எழிலரசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கையெழுத்துப் போடும் முன், சார் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்துக் குனிந்தார்.

"என்னம்மா, இன்னிக்குத்தான எல்லாரும் பழக்கமானீங்க?"

"இல்ல சார், ஒண்ணாப்புலேந்து நாங்க எல்லாரும் இங்கதான், ஒரே கூட்டாளிங்க. போன வருஷம் நீங்க வந்து இதே வெளையாட்ட வெச்சிட்டுப் போனீங்கல்ல, அன்னிக்குக் காய் விட்டதுதான், இன்னும் யாரும் பழம் விடல."