தொடாதே சுற்றிய நான்கு தெரு

நாஞ்சில் நாட்டில் அந்தக் காலத்தில் யாருக்கும் வழிவிடாதவை இரண்டுதான். ஒன்று மண்டைக்காட்டுக் கடல். இன்னொன்று தொடாதே. கடலாவது ஆடி கழிந்தால் கொஞ்சம் அடங்கும்.

தொடாதே என்பது ஆள் பெயர். பெற்றவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள், யார் கேட்டது? கொழும்புப் பக்கம் ஒரு தோட்டத்தில் எஞ்சின் வேலை படித்துவிட்டு, காக்கி அரைக்கால்சட்டையும் ஓட்டைத் தொப்பியுமாக ஊர் திரும்பியவர். எஞ்சினுக்குப் பக்கத்தில் எவன் கையை நீட்டினாலும் "தொடாதே!" என்று ஒரு சத்தம் போடுவார். தென்னை உச்சியில் இருக்கிற காக்கை பறக்கும். நெல்லு மில் முதலாளி ஒருமுறை தன் சொந்த எஞ்சினை ஆசையாகத் தடவப் போய், திருப்புளியால் புறங்கையில் அடி வாங்கினார்.

ஊர் என்னவோ அவரைத்தான் தொடக் கூடாது என்று வைத்திருந்தது. அவர் பிறந்த சாதி கிணற்றைத் தொடக் கூடாது. கோயில் மதிலைத் தொடக் கூடாது. தேரோடும் நான்கு தெருவிலும் கால் வைக்கவே கூடாது. நானும் அதே சாதிதான். என் அப்பா கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து ஞானஸ்நானம் வாங்கியதால் எனக்கு மட்டும் தெரு திறந்தது. தலையில் தண்ணீர் பட்டால் கால் சுத்தமாகிவிடுமாம். இந்த நியாயத்தைக் கண்டுபிடித்தவனை நான் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன், கையில் கிடைத்தால் விடுவதாக இல்லை.

நான் பண்ணையாரின் டிராக்டர் ஓட்டி. மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் போதும் போதும் என்று தள்ளிவிட்ட பழைய வண்டி அது. இரும்புச் சக்கரம், சக்கரம் நிறைய இரும்புப் பல், மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின். கன்னிப்பூப் பருவத்து நெல் உழவுக்கு முன்னால் அதற்குப் பெருமாள் கோயில் வாசலில் பூசை போட வேண்டும் என்று பண்ணையாருக்கு ஆசை. தேரோட்டத்துக்கு முந்தின நாள் காலையில் கொண்டுபோய் நிறுத்தினேன். மாலை, சந்தனம், சூடம் எல்லாம் நடந்தது. நான் பாயசம் குடிக்கப் போன இடைவேளையில் இன்னும் என்னென்ன நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து கிளப்பினேன். வண்டி தும்மியது. இருமியது. காசநோய்க்காரன் மாதிரி உடம்பை உலுக்கிக்கொண்டு பத்தடி போய், தேருக்கு நேர் முன்னால் நின்றுவிட்டது.

மாடு பூட்டி இழுத்தார்கள். சக்கரத்துப் பல் மண்ணைக் கவ்விக்கொண்டது. கோயில் யானையைக் கொண்டுவந்து தள்ளச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து நான் கைப்பிடியைச் சுற்ற, எஞ்சின் ஒரே ஒரு வெடி வெடித்தது. யானை தெப்பக்குளத்தில் போய் இறங்கியது. தேரோட்டம் முடிகிறவரைக்கும் கரையேறவில்லை.

கடைசியில் தொடாதேயைக் கூப்பிட்டு ஆள் போனது. வந்தார். தெருமுக்கில் நின்றார். அவருக்குப் பின்னால் அவர் அப்பாவும் நடுங்கிக்கொண்டே வந்து பூவரசு மரத்தடியில் நின்றார். கிழவருக்கு நடுக்கம் இருக்காதா? கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய கன்றுக்குட்டியைப் பிடிக்க, வாலிபத்தில் ஒருமுறை அந்தத் தெருவில் ஓடியவர் அவர். புளிய விளாறால் அடித்து முதுகைக் கிழித்திருந்தார்கள்.

கோயில் நிர்வாகம் பார்த்த ஸ்ரீகாரியம் தூரத்தில் நின்றே சத்தம் போட்டார். "ஏலே, நீ அங்கனயே நின்னு சொல்லு. இவன் செய்யட்டும்," என்று என்னைக் காட்டினார்.

"காய்ச்சக்காரனுக்குத் தெருமுக்குல நின்னா நாடி பாப்பீரு, வே?"

"வேயா? ஆரைப் பாத்துலே 'வே'ங்க?"

"ஒம்மத்தான் வே. பக்கத்துல நின்னா மெதுவாச் சொல்லுவேன். தூரத்துல நிறுத்தினா இப்பிடித்தான் கேக்கும்."

ஸ்ரீகாரியம் மூச்சு வாங்கிக்கொண்டு வேறு வழி சொன்னார். "செரி, ஒண்ணு செய்யி. இன்னைக்கு ஒரு நாளைக்கு வேதத்துல சேந்துக்கோ. வேதக்காரனுக்குத் தெருவுல தடை இல்ல. நாளைக்குத் திரும்பி வந்திரு."

"மாட்டேன். அப்போ ஏசுல்லா தெருவுல நடந்ததா ஆகும்? நாந்தான் நடக்கணும்."

பண்ணையார் தலையில் அடித்துக்கொண்டார். "தேர் நின்னா பத்தூர்க்காரன் சிரிப்பான் ஓய். அந்தச் சனியனை வரச்சொல்லும்!"

தொடாதே வந்தார். தெருவின் ஓரமாக இல்லை, நட்ட நடுவில். வேகமாகவும் இல்லை. தொப்பியைக் கழற்றவும் இல்லை.

வந்தவர் முதலில் என்னைத்தான் பிடித்தார். "மண்ணெண்ணெயில கள்ளு கலந்தியாலே?" பிறகு பிளக்கைக் கழற்றினார். கரியைத் தன் பனியனில் துடைத்தார். ஒயரை மாட்டி, பிளக்கை எஞ்சின்மேல் வைத்து, என்னைச் சுற்றச் சொன்னார். பொறி பார்க்க ஸ்ரீகாரியம் குனிந்தார்.

"தொடாதே!"

"நீ ஆருலே எனக்குச் சொல்ல?" என்று ஸ்ரீகாரியம் வேண்டுமென்றே விரலை நீட்டித் தொட்டார். வேட்டி ஓரிடமும் அவர் ஓரிடமுமாக விழுந்தார்.

"எஞ்சினுக்குத் தீட்டு கெடயாது வே," என்றார் தொடாதே. "ஆரு தொட்டாலும் ஒரே அடி."

பொறி சரியாக இருந்தது. அடுத்தது எண்ணெய். தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்தார். மண்ணெண்ணெய்க்கு அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. நக்கிப் பார்த்தார். "பச்சைக் கற்பூரம்லா மணக்குது!" குழாய்க்குள் கம்பியை விட்டுக் குடைந்தார். ஒரு துளசி இலை வந்தது.

எல்லாரும் பண்ணையாரைப் பார்த்தார்கள். அவர் கோபுரத்தைப் பார்த்தார். "வண்டிக்கும் வாய் இருக்கேன்னு ஒரு செம்பு தீர்த்தம் விட்டேன்," என்றார்.

"பெருமாள் உள்ள போயி வழிய மறிச்சிட்டாரு. பழக்கதோசம்," என்றார் தொடாதே.

தண்ணீரை வடித்து, குழாயை ஊதி, புது மண்ணெண்ணெய் விட்டுக் கிளப்பினார். எஞ்சின் ஓடியது. ஆனால் இருமல் நிற்கவில்லை.

"ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும். பின்கியர் செத்துப்போச்சு. முன்னால போயி நாலு தெருவும் சுத்தித்தான் வெளிய எடுக்கணும்."

பின்கியர் நன்றாகவே இருந்தது. நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன். முதல் முக்கு திரும்பும்போதே எஞ்சின் பால் குடித்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. எனக்குக் காது உண்டு. ஒவ்வொரு வீட்டு வாசல் நடையிலும் ஆள் நின்று பார்த்தது. நடைக்கு நேராக வந்ததும் அவர் கட்டைவிரல் சோக்குக் கம்பியை ஒரு இழுப்பு இழுக்கும். காற்று அடைபட்டு எஞ்சின் இருமும். "இன்னும் செரியாகல்ல," என்று அந்த வீட்டைப் பார்த்துச் சொல்வார். விரலை விட்டால் இருமல் போய்விடும். அடுத்த நடை வந்தால் மறுபடியும் இருமல்.

ஒரு சுற்று முடிந்தது. தெருமுக்கில் பூவரசடியில் வண்டியை நிறுத்தினார்.

"இன்னும் என்னலே?" என்று பண்ணையார் ஓடி வந்தார்.

"பாரம் ஏத்திப் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு அப்பாவைக் கைத்தாங்கலாகத் தூக்கினார். சக்கரத்துக்கு மேல் இருக்கும் தகரத்தில் உட்கார வைத்தார். கிழவர் எதிலும் கை படாமல் இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"விழுந்திருவேன் போல இருக்கு மக்கா. இதத் தொடலாமா?"

"தொடும்ப்பா. எங்க வேணும்னாலும் தொடும்."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நான்கு தெருவும் மறுபடி சுற்றினோம். கன்று ஓடிய இடம் வந்ததும் கிழவர் எட்டி எட்டிப் பார்த்தார், அது இன்னும் அங்கேயே நிற்கிறது போல. தேர் மறுநாள் ஓடியது. ஆனால் எங்களுக்குப் பிறகுதான் ஓடியது. இதை எவனும் மாற்ற முடியாது.

அதற்குப் பின் எத்தனையோ எஞ்சின் ஓட்டிவிட்டேன். நடுவழியில் எதுவாவது கொஞ்சம் இருமினால் இறங்கிப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. இருமட்டும், இன்னொரு தெரு சுற்றலாம் என்றுதான் தோன்றுகிறது.