சொக்ஸ் போட்ட கருந்துளை

அண்டத்தின் இரகசியம் கடைசியில் மெல்பேர்னின் கிரெய்கிபர்ன் சமூக மண்டபத்தில்தான் வெளிவந்தது. ஞாயிறு பின்னேரம் கார் விட இடமில்லை. கலியாண வீட்டுக்குச் சாப்பாட்டு நேரம் பார்த்து வருகிறவர்கள்கூட அன்றைக்கு வேளைக்கே வந்து, முன்வரிசைக் கதிரைகளில் கைப்பை வைத்து இடம் பிடித்திருந்தார்கள்.

மேடையில் சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து வந்த ‘அண்டவியல் ஆச்சாரியர்’ சிறிதரன். முன்பு கூரைக்குச் சூரியத்தகடு விற்றவர். ஒரேயொரு சூரியனை வைத்து எவ்வளவுதான் பிழைப்பது? இப்போது கோடிக்கணக்கான சூரியன்கள் உள்ள முழுக் கலக்ஸிக்கும் முகவராகிவிட்டார்.

“யாழ்ப்பாணத்தில எங்கட கலக்ஸியின்ர நடுப்பகுதி சரிவாத்தான் தெரியும். இஞ்ச மெல்பேர்னில நேரே உச்சந்தலைக்கு மேல! நடுவில என்ன இருக்கு? கருந்துளை! அதின்ர மூச்சு எங்க விழும்?”

“எங்கட தலையில!” என்றது சபை, பரிசு விழுந்த உற்சாகத்தோடு.

“அதாலதான் நாங்கள் தமிழில கேட்டா, பிள்ளையள் இங்கிலீஷில பதில் சொல்லுதுகள்!”

மண்டபம் ஆடிப்போய்விட்டது. இத்தனை வருடமும் பிள்ளைகளைத் திட்டியது வீண். குற்றவாளி மேலே இருந்திருக்கிறான்.

முன்வரிசையில் அருள்நாயகி அன்ரி ஒரு கையில் செபமாலையும் மறுகையில் ‘கலக்ஸிக் கவச’முமாக உருகிக்கொண்டிருந்தார். கவசம் என்பது வேறொன்றுமில்லை, நட்சத்திரச் சுழல் படம் ஒட்டிய வட்டத் தகடு. விலையைக் கேட்டவர்கள் ஒருமுறை கதிரையில் இருந்துவிட்டுத்தான் எழும்பினார்கள். எழும்பி வாங்கினார்கள்.

கடைசி வரிசையில் சிவகௌரி கைகட்டிக்கொண்டு இருந்தாள். நகரசபையில் உணவுப் பரிசோதகர் அவள். சமையற்காரன் அளவுக்கு மீறிச் சிரித்தால் அடுப்புக்குக் கீழே குனிந்து பார்க்கிற சாதி. இன்றைக்கு வந்தது கணவன் வரதராஜனுக்காக. அவர் பாலங்கட்டும் பொறியியலாளர். கொங்கிரீட்டை ஏழு தரம் சோதிப்பார். மனிதரை ஒரு தரமும் சோதிக்க மாட்டார்.

கொஞ்ச நாளாக அவருடைய இடக்கை விறைக்கிறது. தேத்தண்ணிக் கோப்பை தானாக நழுவுகிறது. கழுத்து நரம்பு நசிகிறதோ தெரியவில்லை, பிந்தினால் கை பழையபடி வராது என்று டொக்டர் சொல்லி, திங்கள் காலை எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு நேரம் கிடைத்திருந்தது. அதை விட்டால் அடுத்தது எப்போதென்று யாருக்கும் தெரியாது.

பேச்சு முடிந்ததும் வரதராஜன் கையை நீட்ட, ஆச்சாரியர் அதைத் தொட்டார். கண்ணை மூடினார். “எம்.ஆர்.ஐ. எண்டா என்ன? பெரிய காந்தம். கருந்துளை மூச்சு ஏறின கையைக் காந்தத்துக்குள்ள விட்டா அப்பிடியே கிழிஞ்சுபோம். கான்சல் பண்ணுங்கோ. அந்த மூச்சு உங்கட வீட்டு மூலையிலதான் தங்கியிருக்கு. வீட்டைத் திருத்தினாக் கை திருந்தும்.”

ஸ்கான் நிலையத்துக்கு ‘நோ’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் ரத்து. வரதராஜனின் பெருவிரல் தொலைபேசியின் மேல் போய்விட்டது.

“இஞ்சாருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ,” என்றாள் சிவகௌரி. “ஆச்சாரியர் மாஸ்டர் முதல்ல எங்கட வீட்டைப் பாக்கட்டும். பிறகு அனுப்புங்கோ.”

“நீரும் நம்பத் தொடங்கீட்டீர் போல!” வரதராஜனுக்குப் புல்லரித்தது.

பாதி மண்டபம் பின்னால் வந்தது. வீட்டு வாசலில் சப்பாத்து மலை எழுந்தது. ஆச்சாரியரும் சப்பாத்தைக் கழற்றினார். தடித்த கறுப்புச் சொக்ஸை மட்டும் கழற்றவில்லை. மெல்பேர்னில் ஆனி மாதம்தான் கடுங்குளிர், யார் கேட்கப்போகிறார்கள்?

குசினியில் அடுப்படி மூலையில் திசைகாட்டி ஒன்றை நிலத்தில் வைத்தார். முள் வடக்கைக் காட்டியபடி சாதுவாகக் கிடந்தது. அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கிட்டப் போனார். முள் கிறுகிறுவென்று சுழன்றது! சனம் “ஐயோ!” என்றது. கவசத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு மற்றப் பக்கம் நகர்ந்தார். முள் அடங்கியது. ஒரே கைதட்டல். வரதராஜனின் விரல் மறுபடி தொலைபேசிக்குப் போனது.

கறி பிழையென்று வெப்பமானி சொன்னால், கறியைக் கொட்டுவதற்கு முதல் வெப்பமானியைச் சோதிக்க வேண்டும். சிவகௌரியின் தொழிலில் இதுதான் முதல் விதி.

“மாஸ்டர், களைச்சுப்போனியள். ஹோலில சோபாவில இருங்கோ. கவசத்தை எடுத்துப்போட்டு நான் ஒருக்கா வைச்சுப் பாக்கிறன்.”

“நான் பக்கத்தில இல்லாமல் முள்ளு ஆடாது, தங்கச்சி.”

“ஏன் மாஸ்டர், கருந்துளைக்கு நீங்களோ வழி காட்டுறது?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறு வழியில்லை. ஆச்சாரியர் சோபாவில் போய் இருந்தார்.

அதே மூலை. அதே திசைகாட்டி. கவசமும் இல்லை. முள் அசையவில்லை. அருள்நாயகி அன்ரி குனிந்து அதைத் தட்டிப் பார்த்தார். “முள்ளு செத்துப்போச்சோ பிள்ளை?”

“இல்லை அன்ரி, வாங்கோ.” சிவகௌரி திசைகாட்டியை ஹோலுக்குக் கொண்டுபோய் ஆச்சாரியரின் வலக்காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். முள் பேசாமல் இருந்தது. இடக்காலுக்குப் பக்கத்தில் தள்ளினாள். பேயாட்டம்!

“கருந்துளை ஹோலுக்கு வந்திட்டுது!” அன்ரி அலறினார்.

“ஓம் அன்ரி. சொக்ஸுக்குள்ள வந்திருக்கு. மாஸ்டர், ஒருக்காக் கழட்டுங்கோ.”

“குளிருது...”

“ஹீட்டர் போட்டிருக்கு.”

ஆச்சாரியர் எழும்பினார். வாசலில் சப்பாத்து மலை. குசினிப் பின்கதவுக்குப் பாய்ந்தார். தரையோ பளிங்கு, காலோ சொக்ஸ். அண்டவெளியில் மிதப்பதுபோலச் சறுக்கிக்கொண்டு போன இடக்கால் குளிர்சாதனப்பெட்டியின் அடிக்கதவில் ‘டங்’ என்று ஒட்டிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். கால் வந்தது. சொக்ஸ் வரவில்லை.

வெறுங்காலோடு அவர் பின்கதவால் போனார். சொக்ஸ் கதவில் தொங்கிக்கொண்டு இருந்தது. வரதராஜன் அதற்குள் கைவிட்டு ஒரு காந்த வில்லையை வெளியே எடுத்தார். நாணயத்தளவு. வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும். விழுந்திருந்தால் அதுவும் வில்லையில்தான் ஒட்டியிருக்கும்.

“அப்ப பிள்ளையள் இங்கிலீஷில கதைக்கிறது?” அருள்நாயகி அன்ரிக்கு அதுதான் கவலை.

“அதுக்கு நானும் நீங்களும்தான் காரணம், அன்ரி. அதுகள் இங்கிலீஷில சொல்ல நாங்களும் இங்கிலீஷுக்கு மாறினா, கருந்துளையோ வீட்டில தமிழ் கதைக்கிறது?”

திங்கள் காலை ஸ்கான் எடுக்கும் இடத்தில், உடம்பில் உலோகம், காந்தம் ஏதும் உண்டா என்று தாதி கேட்டாள். வரதராஜன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சட்டைப்பையிலிருந்து கலக்ஸிக் கவசத்தை எடுத்துத் தட்டில் வைத்தார்.

“இதையும் கொண்டோ வந்தனீங்கள்?”

“சும்மா... ஒரு பாதுகாப்புக்கு.”

சிவகௌரி தன் தலையில் கைவைத்தாள். அவர் உள்ளே போனார். உண்மையான காந்தம், மந்திரம் எதுவும் சொல்லாமல், கழுத்தில் நரம்பு எங்கே நசிகிறதென்று படம் பிடித்துக் கொடுத்தது. காலத்தோடு வந்தீர்கள், கையைக் காப்பாற்றலாம் என்றார் டொக்டர்.

கோடானுகோடி கலக்ஸிகள் தங்கள் பாட்டில் சுழல்கின்றன. அவற்றில் ஒன்றுக்காவது உங்கள் குசினி மூலையைப் பற்றி அக்கறை இருக்கும் என்று நினைக்க, கொஞ்சநஞ்சத் திமிர் போதாது. இனி யாராவது வானத்தைக் காட்டி வெருட்டினால் அண்ணாந்து வாய் பிளக்காதீர்கள். குனியுங்கள். ஆள் சொக்ஸைக் கழற்றிவிட்டாரா என்று பாருங்கள்.