ஏசுவடியானும் ஓரிகனும் ஒரு சம்மதமும்

ஆண்களில் ஒரு ரகம் உண்டு. ‘ஆமாம்’ என்று சொன்னால் நாக்கில் புண் வந்துவிடும். ‘இல்லை’ என்றாலும் வந்துவிடும். அதனால் ‘இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பவர்கள். சபைக் கமிட்டியில் பார்த்திருப்பீர்கள், கப்பல் டிக்கெட் வரிசையில் பார்த்திருப்பீர்கள். கொடுத்து வைக்காதவர்கள் வீட்டிலேயே பார்க்கிறார்கள். ஜங்லிகாட்டில் ஜெயராணிக்கு வாய்த்தவர் பெயர் ஏசுவடியான்.

துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் தூண்டில் போடுவார்கள், சீட்டாடுவார்கள். இவர் ஓரிகனைப் பிடித்துக்கொண்டார். ஓரிகன் என்பவர் ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அலெக்சாந்திரியாவில் இருந்து, பைபிளுக்கு மூட்டை மூட்டையாக விளக்கம் எழுதியவர். அவர் பாவம், எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஏசுவடியானுக்கு அவர் எழுதியதுகூட முக்கியமில்லை. அவரைப் பற்றி இன்றைக்கு ஜெர்மனியில் ஒருவர் எழுதியதை அமெரிக்காவில் இன்னொருவர் மறுத்து எழுதுகிறாரே, அதுதான் முக்கியம். அதையெல்லாம் நெட் கிடைக்கிற நேரத்தில் இறக்கி, பிரிண்ட் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கி, பெட்டிகள் பெருகி, இப்போது அரிசி டிரம் குளியலறை வாசலில் நிற்கிறது. இவரும் ஒரு கட்டுரை எழுதுகிறார். ஒன்பது வருஷமாக. அடிக்குறிப்பு நூற்று நாற்பது ஆகிவிட்டது. மேலே எழுத வேண்டியதுதான் பாக்கி.

ஊரில் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒரு தடவை, அதுவும் அரைமணி நேரம். “தண்ணி வந்துட்டா?” என்று ஜெயராணி அடுப்படியிலிருந்து கத்தினால், “வந்ததாச் சொல்லுதாங்க” என்பார். குழாய் அவர் காலை நனைத்துக்கொண்டிருக்கும்.

இந்த மனிதரை வைத்துக்கொண்டு மகள் ஷீலாவுக்குக் கல்யாணம் பேச வேண்டியிருந்தது. பையனுக்கு ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் ஒன்றில் வேலை. வீடு இங்கேயே பத்துபஸ்தியில். ஷீலாவுக்குப் பிடித்துவிட்டது, கேட்டால் பதில் சொல்லாமல் ரெண்டு தடவை வீட்டைப் பெருக்கினாள். அதற்கு மேல் என்ன வேண்டும்? சபைக்கு ஜெயராணியோடு வருகிற சொர்ணம்மா தூது போய், நல்ல சேதியோடு வந்தாள்.

“அண்ணாச்சி, அவங்களுக்கு முழுச் சம்மதம்.”

“அவங்க சொன்ன வார்த்தையே இதுதானா, இல்ல உங்க வார்த்தையா?”

“என்னது?”

“இல்லம்மா, ஓரிகன் கிரேக்கத்துல எழுதுனதுல முக்கால்வாசி தொலைஞ்சு போச்சு. ரூஃபினஸ்னு ஒருத்தரு லத்தீன்ல மாத்தி வச்சதுதான் பலதுக்கும் மிச்சம். வில்லங்கமான இடத்தையெல்லாம் அவரு வழவழன்னு ஆக்கிட்டாருன்னு கொஞ்ச பேரு சொல்லுதாங்க. அப்படியில்ல, நம்பலாம்னு இப்ப கொஞ்ச பேரு...”

“அண்ணாச்சி, நான் லத்தீன்ல கேக்கல. தமிழ்ல கேட்டேன், கொஞ்சம் ஹிந்தியிலயும் கேட்டேன். ராஜி ஹை, சம்மதம்னுட்டாங்க. அவ்ளோதான்.”

சொர்ணம்மா படியிறங்கியதும் மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பத்துபஸ்திக்கே போன் போட்டு, “நீங்க சரியா எந்த வார்த்தை சொன்னீங்க?” என்று பையனின் அம்மாவிடம் கேட்டுவிட்டார். ஆராய்ச்சியில் அது ஒழுங்கு. சம்பந்தம் பேசுகிற இடத்தில் அது அடாவடி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்த அம்மாள் பையனோடு நேரில் வந்து இறங்கிவிட்டாள். முகம் சரியில்லை. வியாழக்கிழமைக் கப்பலுக்குச் சென்னை டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறாளாம். மெயின்லேண்டில் இன்னொரு பெண் இருக்கிறதாம். அதை மூன்று தடவை சொன்னாள். பையனுக்கு ரெண்டு மணிக்கு ஹேவ்லாக் போட். அதற்குள் ஒரு பதில் வேண்டும்.

பேச்சை நல்லபடியாகத் திருப்பலாம் என்று பையன் நினைத்தான். “அங்கிள் ஏதோ ரிசர்ச் பண்றீங்களாமே?”

ஜெயராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஓரிகன் தம்பி! ஒரு வசனத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கிட்டு, வாலிப வயசுல தன்னைத்தானே அறுத்துக்கிட்டாருன்னு பழைய சரித்திரத்துல இருக்கு. ஆனா நடந்திருக்காதுன்னு இப்ப நெறைய பேரு...”

“எதை அறுத்துக்கிட்டாரு?” என்றாள் பையனின் அம்மா.

பையன் காலை ஒடுக்கிக்கொண்டான்.

“கேக் எடுத்துக்கோங்க” என்றாள் ஜெயராணி.

யாரும் எடுக்கவில்லை. அந்த அம்மாள் வாட்சைப் பார்த்தாள். “இங்க பாருங்க, ஒண்ணேகால் ஆச்சு. எங்களுக்குச் சம்மதம். என் வாயாலேயே சொல்லிட்டேன், நல்லா கேட்டுக்கோங்க. உங்களுக்கு?”

ஏசுவடியான் கண்ணாடியைக் கழற்றினார். “இதுல ரெண்டு பக்கமும் யோசிச்சா...”

திரைச்சீலைக்குப் பின்னால் ஷீலாவின் கால் தெரிந்தது. கட்டைவிரல் தரையைக் குத்திக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கண்ணாடி துடைபட்டு முடிகிறவரைக்கும் காத்திருந்த ஜெயராணி, இன்றைக்கு அதை அவர் கையிலிருந்து வாங்கி ஜன்னலில் வைத்தாள்.

“எங்களுக்குச் சம்மதம், சம்மந்திம்மா. அவருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்.”

“ஜெயா, நான் அப்படிச் சொன்னதுக்கு ஆதாரம் எதுவும்...”

“நீங்க போய்ச் சேந்ததுக்கப்புறம் நாலு பேரு உக்காந்து ஆராய்ச்சி பண்ணிக்கட்டும். இப்பம் போயி ஒரு ஆட்டோவக் கூப்பிடுங்க. மாப்பிள்ளைக்கு போட் போயிரும்.”

கண்ணாடி இல்லாமலேயே மனுஷன் படியிறங்கினார். பையனின் அம்மா கேக்கில் ஒரு துண்டு எடுத்தாள். பிறகு இன்னொன்றும் எடுத்தாள்.

சிரிக்கிறீர்கள் இல்லையா? சிரியுங்கள். ஆனால் ரூஃபினஸ் என்று ஒரு பெயர் வந்ததே, அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தாரா என்று பார்க்கப் பாதியிலேயே போனை எடுத்தீர்களா, இல்லையா? எடுத்திருந்தால் கீழே வையுங்கள். வீட்டுக்குள்ளிருந்து உங்களை யாரோ ரொம்ப நேரமாகக் கூப்பிடுகிறார்கள். அதில் அறிஞர்களிடையே எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை.